கல்லில் இருக்கும் பெயர் கணக்கில் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் குளக்கரையில் இடிந்த தண்ணீர்ப் பந்தல் மண்டபம் ஒன்று இருக்கிறது. தூணில் ஒரு பெயரும் ‘உபயம்’ என்பதும் ‘ஆங்கிரச வருஷம் தை மாதம்’ என்பதும் மட்டும் தெரிகின்றன. அந்த மனிதரைப் பற்றி ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?
— வாசகர், சாத்தூர் வட்டம்

பதில்: ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் தூணையே இன்னொரு முறை படியுங்கள். சுண்ணாம்பு அடித்திருந்தால் சுரண்ட வேண்டாம். எழுத்தும் சேர்ந்து உதிரும். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ வெயில் சாய்வாக விழும்போது தண்ணீர் தெளித்துவிட்டுப் படம் எடுங்கள். இரவில் போவதானால் டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், பக்கவாட்டில் கல்லை ஒட்டிப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். பழைய கல்வெட்டுக்காரர்கள் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் ஒரே கொம்புதான். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே தோன்றுகிற ஒரு வாசிப்போடு நிறுத்தாமல், சாத்தியமான எல்லா வாசிப்புகளையும் எழுதி வையுங்கள்.

அடுத்தது காலம். ஆங்கிரச அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1812, 1872, 1932. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால் அதன் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டின் ஜனவரியில் விழும். எனவே உங்கள் தூண் 1813, 1873, 1933 இந்த மூன்றில் ஒன்று. தேதியோடு கிழமையோ நட்சத்திரமோ பொறித்திருந்தால் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளைக் கொண்டு எந்தச் சுற்று என்று அறுதியிடலாம். ஒரே தேதி மூன்று சுற்றிலும் ஒரே கிழமையில் விழுவது அரிது.

காலத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், எந்த ஆவணத்தைக் கேட்பது என்பதே அதைப் பொறுத்தது. 1813 என்றால் முதலில் கேட்க வேண்டியது இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். 1858இல் தொடங்கிய இனாம் கமிஷன் அதுவரை இருந்த மானியங்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிந்த பேரேடு அது. தண்ணீர்ப் பந்தல், சத்திரம், நந்தவனம் ஆகியவற்றுக்கு விட்ட நிலங்கள் தர்மதாயம் (பொது அறத்துக்கு விட்ட மானியம்) என்ற வகையில் வரும். மானியம் கொடுத்தவர் யார், எந்த ஆண்டு, முதலில் பெற்றவர் யார், பழைய பசலி (நிலவரி ஆண்டு) கணக்குகளில் யார் பெயர் நின்றது, விசாரணை நாளில் அனுபவிப்பவரின் பெயர், வயது, முதல் மானியதாரருக்கு என்ன உறவு என்று பத்தி பத்தியாக ஓடும். ஊரில் யாருக்கும் தெரியாத மனிதருக்கு மூன்று தலைமுறை வம்சாவளி ஒரே வரியில் கிடைப்பது இங்கேதான். டி.டி. நம்பர் (டைட்டில் டீட், அதாவது உரிமைப் பத்திர எண்) என்று ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொண்டால் பிற்காலக் கணக்குகளில் பின்தொடரலாம்.

1873 என்றால் அந்தப் பேரேடு ஏமாற்றும். விசாரணை முடிந்த பிறகு விட்ட தர்மம் அதில் எப்படி இருக்கும்? அதற்கு வேறு வழி. 1871ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்துக்குப் பிறகு பல சத்திரங்களும் அவற்றின் சொத்தும் லோக்கல் பண்டு போர்டுகளின் கைக்குப் போயின. அதற்கு முன் 1817ஆம் ஆண்டின் 7ஆம் ரெகுலேஷன்படி இந்த அறக்கொடைகளைப் பார்த்துக்கொண்டது ரெவின்யூ போர்டு. இந்த இரண்டின் நடவடிக்கைத் தொகுதிகளையும் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். ஆண்டுவாரி அட்டவணையில் உங்கள் மனிதரின் பெயரைத் தேடிச் சோர்ந்துபோகாதீர்கள். ஊர்ப் பெயர், ‘சத்திரம்’, ‘தண்ணீர்ப் பந்தல்’, ‘அறக்கொடை’ ஆகிய தலைப்புகளின் ஆங்கிலச் சொற்களில் தேடுங்கள். அட்டவணை தயாரித்த குமாஸ்தாவுக்கு விஷயம்தான் முக்கியம், ஆள் முக்கியமில்லை.

ஜில்லாவையும் சரியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். உங்கள் பகுதி 1985 முதல்தான் விருதுநகர் மாவட்டம். 1910 முதல் ராமநாதபுரம் ஜில்லா. அதற்கு முன் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்கள் திருநெல்வேலி ஜில்லா. 1873க்கு ராமநாதபுரம் ஜில்லா ஆவணக் கட்டைக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். இன்னொன்று: ஊர் ஜமீனுக்குள் இருந்ததா என்று விசாரியுங்கள். ஜமீன் கிராமங்களில் குடியானவர் பெயர்களைச் சர்க்கார் கணக்கில் எழுதவில்லை. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த அளவையில்தான் அவை முதன்முதலாக வரும். அதற்கு முந்தைய பெயர்கள் ஜமீன் அரண்மனைக் கணக்கிலோ கோர்ட்டு வழக்கிலோதான் இருக்கும்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா பெயரில் இருந்த பத்திரங்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேட முடியுமா? இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.
— வாசகி, லால்குடி

பதில்: இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிந்தையவைதான் ஏறியிருக்கின்றன. அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும். வில்லங்க மனு என்றால் சர்வே எண்ணைக் கொண்டு தேடுவார்கள். அது இரண்டாம் அட்டவணை. உங்களுக்கு வேண்டியது முதலாம் அட்டவணை. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களை அகர வரிசையில் வைத்திருப்பது அதுதான். மனுவில் இதைத் தெளிவாக எழுதுங்கள். பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவின்படி ஒன்றாம் புத்தகத்தையும் (நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துப் பத்திரங்கள்) அதன் அட்டவணைகளையும் யாரும் பார்வையிடலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் நகல் தர வேண்டும். நான்காம் புத்தகம் மட்டும் பத்திரத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கே.

தேடல் கட்டணத்தை ஆண்டுக் கணக்கில் வசூலிப்பார்கள். ஆகவே ‘1870 முதல் 1950 வரை’ என்று ஒரேயடியாகக் கேட்காமல், பாகப்பிரிவினை, திருமணம், சாவு நடந்த ஆண்டுகளைச் சுற்றி ஐந்தைந்து ஆண்டாகக் கேளுங்கள். இன்றைய அலுவலகமே அன்றும் உங்கள் ஊருக்குப் பதிவு செய்ததா என்பதையும் முதலில் கேட்டுவிடுங்கள். புது அலுவலகம் பிரிந்தபோது பழைய புத்தகங்கள் தாய் அலுவலகத்திலேயே தங்கிவிட்டிருக்கலாம்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நிலம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதியாமலே சொத்தை ஒப்படைத்து முடிக்கலாம். அந்தக் காலத்தில் நூறு ரூபாய் பெரிய தொகை. சிறு குடியானவர்களின் கிரயங்கள் பல இந்த ஓட்டையில் விழுந்துவிட்டன. அப்போது பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரத்தைப் பாருங்கள். ‘இதற்குச் சதுர்மால்: இன்னார் குமாரர் இன்னார் நஞ்சைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று எல்லை சொல்லும் இடத்தில் உங்கள் கொள்ளுத்தாத்தா தகப்பன் பெயரோடு நின்றுகொண்டிருப்பார். கடைசியில் சாட்சிகளையும் எழுதியவரையும் படிக்காமல் விட வேண்டாம். சாட்சி போட்டவர் பெரும்பாலும் பங்காளி, சம்பந்தி அல்லது கூட்டாளி.

பத்திரத்தில் பசலி மட்டும் இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1287 என்றால் 1877 ஜூலை 1 முதல் 1878 ஜூன் 30 வரை. தாது வருஷப் பஞ்சம் ஊரை உலுக்கிய நேரம் அது. அந்தப் பசலிகளில் கிரயமும் அடமானமும் வரிசையாக வந்தால் குடும்பம் ஏன் நிலத்தை இழந்தது என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கன்னியாகுமரிப் பக்கத்து ஓலை என்றால் பசலி இருக்காது, கொல்லம் ஆண்டு இருக்கும். அதற்கு 825 கூட்ட வேண்டும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824.

கேள்வி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1881இலேயே வீடு வீடாக எழுதினார்களே, அதில் பெயர் கிடைக்காதா? பிறப்பு இறப்புப் பதிவு?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கிடைக்காது. எண்ணிக்கைகளை அச்சிட்டார்கள், வீட்டுப் படிவங்களைப் பாதுகாக்கவில்லை. இங்கிலாந்துக்காரர்கள் கணக்கெடுப்பை வைத்து வம்சம் தேடுவதைப் பார்த்து இங்கேயும் முயல்வது வீண் அலைச்சல்.

பிறப்பு இறப்பைப் பொறுத்தவரை சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டின் 3ஆம் சட்டத்துக்குப் பின் கேட்டால் பலன் உண்டு. குழந்தையின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். பெயர் வைக்கும் முன்பே பதிந்ததால் ‘இன்னாருக்கு ஆண் குழந்தை’ என்றுதான் இருக்கும். தகப்பன் பெயரும் தெருவும் கைவசம் இருக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இவ்வளவு கஷ்டமில்லை. ஞானஸ்நானப் புத்தகமும் அடக்கப் புத்தகமும் பல தேவாலயங்களில் சட்டத்துக்கு வெகு காலம் முன்பிருந்தே உண்டு.

கேள்வி: எங்கள் ஊர்ப் புலவர் ஒருவர் ரயில் விபத்தைப் பற்றிச் சிந்து பாடி அச்சிட்டாராம். புத்தகம் ஒரு பிரதிகூட இல்லை. அவர் இருந்ததற்கே ஆதாரம் கிடைக்குமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: அச்சிட்டிருந்தால் நல்ல வாய்ப்பு. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டப்படி அச்சான ஒவ்வொரு புத்தகத்தையும் அரசிடம் பதிய வேண்டியிருந்தது. எட்டுப் பக்கக் காலணாப் பாட்டுப் புத்தகமும் அதில் அடக்கம். பதிந்தவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டின் பின்னிணைப்பாக வெளியிட்டார்கள். நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், ஊர், பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை, உரிமை யாருக்கு என்று எல்லாம் இருக்கும். ஆங்கில எழுத்தில் இருப்பதால் ‘சிந்து’ என்ற வகைச் சொல்லைக் கண்ணால் துழாவிப் பாருங்கள். புலவர் பெயரின் எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள்.

நூலகங்களில் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை முதலில் கேளுங்கள். குஜிலிப் பதிப்புகள் (கடைத்தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்கள்) பல ஒன்றாகத் தைக்கப்பட்டு ஒரே புத்தகம்போல் கிடக்கும்; முதல் நூலின் பெயர் மட்டும் அட்டவணையில் ஏறி, உள்ளே இருப்பவை மறைந்திருக்கும். ஆகவே ‘பலவகைச் சிந்துகள்’ போன்ற பொதுத் தலைப்புகளையும் பிரித்துப் பாருங்கள். பிரதி கிடைத்தால் முகப்பை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். நூலையும் ஆசிரியரையும் புகழ்ந்து பிறர் பாடிய சிறப்புப்பாயிரச் செய்யுள்களில்தான் புலவரின் ஊர், தகப்பன், ஆசான் எல்லாம் ஒளிந்திருக்கும். பாயிரம் பாடியவர் உள்ளூர்ப் பள்ளி வாத்தியாராகவோ முன்சீப்பாகவோ இருந்தால் அவர் வழியாகவும் காலத்தைப் பிடிக்கலாம்.

கேள்வி: ஒரே ஊரில் ‘முத்துசாமி மகன் ராமசாமி’ மூன்று ஆவணங்களில் வருகிறார். ஒருவர்தானா?
— வாசகி, ஓமலூர்

பதில்: பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால், அறுபது எழுபது ஆண்டு கழித்து அதே ஜோடி அப்படியே திரும்பி வரும். இரண்டு ஆவணத்துக்கும் இடைவெளி ஐம்பது ஆண்டைத் தாண்டினால் வேறு ஆள் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒருவர்தான் என்று சொல்லப் பெயரைத் தவிர இரண்டு அடையாளமாவது ஒத்துப்போக வேண்டும்: பட்டா எண், சர்வே எண், தெரு, மனைவி பெயர், சகோதரன் பெயர், கையெழுத்து. செட்டில்மெண்ட் ரிஜிஸ்டரில் (நிலவரித் திட்டப் பேரேடு) பழைய பைமாஷ் (முந்தைய அளவை) எண்ணும் புதிய சர்வே எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் மாறுகிற இடம் தெரியும். பாகப்பிரிவினை வழக்கு எதுவும் நடந்திருந்தால் உங்களுக்கு யோகம். பிராதோடு (வழக்கு மனுவோடு) வம்சாவளிப் படமே இணைத்திருப்பார்கள்.

கேள்வி: பூட்டனார் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார் என்பது வீட்டு வழக்கு. எப்படி உறுதிசெய்வது?
— வாசகர், ஆரணி

பதில்: கடல் கடந்தவர்களில் தேட எளியவர்கள் நேட்டாலுக்குப் போனவர்கள்தான். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. எழுத்துப்பெயர்த்த பட்டியல்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. ஆளுக்கு ஒரு காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரும். உங்கள் பகுதி அன்று வட ஆற்காடு ஜில்லா. பெயரை வைத்துத் தொடங்கினால் ராமசாமிகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்பார்கள். ஜில்லாவும் தாலுகாவும் கொடுத்து வடிகட்டி, பிறகு கிராமப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். காதில் விழுந்ததை எழுதிய குமாஸ்தாவின் ஆங்கிலம் அது. சாதிப் பத்தியை அப்படியே நம்ப வேண்டாம்; டிப்போவில் (கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த முகாமில்) மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. வயதும் ஐந்து ஆண்டு முன்பின் இருக்கலாம். தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்து ஒத்துப்போனால் காலனி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டம், எப்போது ஒப்பந்தம் முடிந்தது, திரும்பினாரா என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் கோத்திருக்கும்.

வீட்டு வழக்கு ‘நேட்டால்’ என்று சொல்லாமல் ‘கண்டி’, ‘பினாங்கு’ என்று சொல்லியிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) கூட்டிப்போனவர்களுக்கு இப்படி ஆள்வாரியான பட்டியல் கிடையாது. தோட்டத்துச் செக்ரோலும் (வேலையாட்களின் பெயர்ப் பேரேடு) ஊருக்கு வந்த மணியார்டர் ரசீதும்தான் துணை.