காலையில் மட்டும் சர்க்கரை ஏறுவது ஏன்? – கேள்வி பதில்

நான் டாக்டர் இல்லை. பல வருடங்களாக இரவில் நீண்ட நேர இன்சுலின் போட்டு வருகிறவன். டோஸை மாற்றும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படுக்கும்போது 130. எதுவும் சாப்பிடவில்லை, காலையில் 190. எங்கிருந்து வந்தது?

உங்கள் கல்லீரலிலிருந்து. விடியற்காலை 3 மணியிலிருந்து 8 மணிக்குள் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடும். உடம்பு எழுந்து நடமாடத் தயாராக வேண்டும் என்று கல்லீரல் குளுக்கோஸை வெளியே விடும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். மற்றவர்களுக்குக் கணையம் கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சரிக்கட்டிவிடும், சர்க்கரை நோய் உள்ள நமக்கு அது முடிவதில்லை. ராத்திரி நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. தயவுசெய்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் இரவு இன்சுலினை 2 யூனிட் கூட்டலாமா?

பொறுங்கள். காலை அளவை மட்டும் பார்த்து டோஸ் கூட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மூன்று நாள் அலாரம் வைத்து, படுக்கும்போது, 3 மணிக்கு, எழுந்ததும் என்று மூன்று முறை பார்த்து எழுதுங்கள். 3 மணி வரை சமமாக இருந்து பிறகு ஏறினால் அது விடியல் ஏற்றம். அதை அடக்க டோஸைக் கூட்டினால் நடு இரவில் சர்க்கரை இறங்கிவிடலாம். இரவு முழுக்கப் படிப்படியாக ஏறினால் இன்சுலின் போதவில்லை, இல்லையென்றால் தாமதமாகச் சாப்பிட்ட கொழுப்பான சாப்பாடு மெல்லச் செரிக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள், அவருக்குப் பாதி வேலை குறையும்.

3 மணிக்கு 62 இருந்தது!

70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறு சோதனை. பயத்தில் அளவுக்கு மீறிச் சாப்பிடுவதாலும் காலையில் ஏறும். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். இரவில் இறங்கினால் உடம்பே காலையில் ஏற்றிவிடும் என்று 1938-இல் மைக்கேல் சோமோஜி என்ற உயிர்வேதியியல் அறிஞர் சொன்னார். இரவு முழுக்கச் சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும் சென்சார்கள் வந்த பிறகு, அது நினைத்த அளவுக்கு அடிக்கடி நடப்பதில்லை என்று தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்.பி.ஹெச். (நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலின்) போடுகிறேன்.

அது 4 முதல் 10 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தளரும். 7 மணிக்குப் போட்டால் உச்சம் நடு இரவைச் சுற்றி வரும், விடியலில் பலம் குறைந்திருக்கும். படுக்கும்போது போடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

நீண்ட நேர இன்சுலினை 45 யூனிட் வரை ஏற்றியாயிற்று. படுக்கும்போதே 220.

எடை என்ன? கிலோவுக்கு அரை யூனிட்டைத் தாண்டியிருந்தால் இன்னும் ஏற்றுவதில் பெரிய பலன் இருக்காது. 220 இரவுச் சாப்பாட்டின் கணக்கு, நீண்ட நேர இன்சுலின் சாப்பாட்டைச் சமாளிக்க வந்ததல்ல.

எப்போதும் ஒரே இடத்தில் போடுகிறேன், வலிப்பதில்லை.

வலிக்காததே ஒரு அறிகுறி. விரலால் தடவிப் பாருங்கள், தோலடியில் தடிப்பு இருக்கும். அதில் போடும் இன்சுலின் ஒரு நாள் உடம்பில் சரியாகச் சேரும், ஒரு நாள் சேராது. வயிற்றின் இடது பக்கத்தில் எனக்கே அப்படி இருந்தது. மாதக்கணக்கில் டோஸைக் குறை சொன்னேன். இடத்தை மாற்றுங்கள், ஆனால் புது இடத்தில் அதே டோஸ் வேகமாக வேலை செய்யும். முதல் சில இரவுகள் 3 மணி சோதனையை விடாதீர்கள்.