லோடு லாரியை ஹேண்ட் பிரேக்கை நம்பி விட்டுப் போகலாமா? திருட்டைத் தடுக்க எளிய வழி உண்டா?

ஏர் பிரேக் (காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக்) லாரியில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விஷயம் இது. ஹேண்ட் பிரேக்கை, அதாவது பார்க்கிங் பிரேக்கை, பிடித்து வைப்பது காற்று அல்ல, ஸ்பிரிங். பின் சக்கர பிரேக் சேம்பருக்குள் இருக்கும் கனமான ஸ்பிரிங்கைக் காற்றழுத்தம் சுருக்கி வைத்திருக்கும். லீவரைப் போட்டதும் காற்று 'புஸ்' என்று வெளியேறும், ஸ்பிரிங் விரிந்து பிரேக்கை அழுத்தும். அதனால் ராத்திரி முழுக்கக் காற்று கசிந்தாலும் வண்டி நகராது.

ஆனால் ஸ்பிரிங் விரிய விரிய அதன் பலம் குறையும். லைனிங் (சக்கரத்தின் டிரம்மில் உரசிப் பிடிக்கும் பட்டை) தேய்ந்து, பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தால், ஸ்பிரிங் அதிகம் விரிய வேண்டியிருக்கும்; பிடிப்பு அரைகுறைதான். சமதளத்தில் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். வண்டி ஊர்ந்தால் மெக்கானிக்கிடம் போங்கள். சரிவில் நிறுத்தினால் எப்படியும் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

இதே அமைப்பு திருடனுக்கும் தொல்லை. இரவில் ஏர் டேங்க்கின் டிரெயின் வால்வை (தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் வால்வு) திறந்து காற்றை இறக்கிவிட்டால், அவன் வால்வை மூடி, பிரேக் விடுபடும் அளவு காற்று ஏற இன்ஜினை ஓடவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் பக்கத்து லாரிக்காரர் எழுந்துவிடுவார்! டேங்க்கில் தேங்கிய தண்ணீரும் வெளியேறும். காலையில் வால்வை மூட மறக்காதீர்கள்.

அப்புறம் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச், மறைவாக ஒரு டீசல் கட் சுவிட்ச். இவையெல்லாம் இருந்தும், டீ குடிக்க இறங்கும்போது சாவியை வண்டியிலேயே விடுகிறவர்களை என்ன சொல்ல?