இளையோர் நாவலை எப்படி மதிப்பிடுவது? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சில ஆண்டுகளாகப் பதின்பருவத்தினருக்காக எழுதப்பட்ட நாவல்களையே அதிகம் படிக்கிறேன். பெரும்பாலும் ஆங்கிலத்தில், கிடைக்கும்போது தமிழில். படித்து முடித்ததும் ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு மூன்று பக்கம் எழுதி நண்பர்களுக்கு அனுப்புவது என் பொழுதுபோக்கு. இப்போது ஆசிரியர்கள் சிலரும் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள்.

“பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க படிக்கிறதை இன்னும் படிக்கிறீங்களே அண்ணி” என்று என் கொழுந்தனார் கேலி செய்கிறார். அது போகட்டும். ஆசிரியையாக இருக்கும் தோழியோ, “எந்த வயதுக்குக் கொடுக்கலாம், என்ன நீதி இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் எழுது, மற்றதெல்லாம் எதற்கு” என்கிறார். மதிப்புரையின் கடமை அவ்வளவுதானா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அண்மையில் நீலகிரியைக் களமாகக் கொண்ட ஓர் இளையோர் நாவலைப் படித்தேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அது பொய்யாகப் பட்டது. நல்ல எண்ணத்தோடு பிள்ளைகளுக்காக எழுதியவரைக் குறை சொல்லலாமா என்று தயங்கி, நான்கு வரி புகழ்ந்து எழுதி முடித்துவிட்டேன். அதிலிருந்து மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்.,
கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கொழுந்தனாருக்கு நீண்ட பதில் தேவையில்லை. அமெரிக்காவில் பௌக்கர் என்னும் நூற்சந்தை ஆய்வு நிறுவனம் 2012இல் வெளியிட்ட கணக்கின்படி, 12 முதல் 17 வயதினருக்கென்று பதிப்பாளர்கள் கொண்டுவந்த நூல்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். அவர்களிலும் 30 முதல் 44 வயதுக்குள் இருந்தவர்களே மிகுதி. அவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்காக அன்றித் தாங்கள் படிப்பதற்காகவே வாங்கியிருக்கிறார்கள். அதற்கு முன்பே, 1998இல், ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நாவலைப் பெரியவர்கள் கூச்சமில்லாமல் கையில் வைத்துக்கொள்ள ஏதுவாக, வேறோர் அட்டையுடன் பிரிட்டனில் அதன் பதிப்பாளர் தனியாக அச்சிட்டுவிட்டார். ஆகவே உங்களுக்குக் கூட்டாளிகள் ஏராளம். கூட்டம் பெரிதாக இருப்பது ரசனைக்குச் சான்றாகிவிடாது என்பதையும், கொழுந்தனார் கேட்காவிட்டாலும், நான் சொல்லிவிட வேண்டும். பழைய பள்ளி நாட்களுக்குத் திரும்பிப் போய் இளைப்பாறுவதற்காக மட்டும் படிக்கிறவருக்கு மதிப்புரை எழுதும் தேவையே எழாது. நீங்கள் எழுதுகிறீர்கள் என்பதால் உங்களுக்கு வேண்டியது இளைப்பாறல் மட்டும் அல்ல என்று எடுத்துக்கொள்கிறேன்.

பதின்பருவப் பாத்திரம் ஒன்று நடுவில் இருப்பதாலேயே ஒரு நாவல் இளையோர் நாவல் ஆகிவிடுவதில்லை. ஐம்பது வயதில் நின்று தன் பதினைந்தாம் வயதைத் திரும்பிப் பார்க்கிறவர் சொல்லும் கதையில், நிகழ்ச்சிகளோடு அவற்றுக்குப் பின்னாளில் கிடைத்த விளக்கமும் சேர்ந்தே வரும். இளையோர் நாவல் பெரும்பாலும் அந்த விளக்கத்தைத் தனக்குத் தானே மறுத்துக்கொள்கிற வடிவம். கதை சொல்லும் குரலுக்கு அன்றைக்கு என்ன தெரியுமோ அது மட்டுமே தெரியும். பந்தலூர்ப் பக்கம் டேன்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளரும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதை சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம் அது. தாத்தா அந்த ஊர்ப் பேச்சையே எடுப்பதில்லை. ஒருநாள் மாலை, கொழுந்து எடை போட்ட சீட்டைக் கையில் வைத்தபடி அம்மா யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். டியூஷனுக்குப் பணம் கேட்டதால்தான் அம்மாவுக்குக் கோபம் என்று பெண் நினைக்கிறாள். தோட்டத்தின் ஒரு பகுதியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது என்பதை, இரண்டு பக்கம் முன்னால் வந்துபோன ஓர் உரையாடலை வைத்து நாம் ஊகித்துவிடுகிறோம், அவளால் முடியவில்லை. இந்த இடைவெளியைக் கடைசிவரை காப்பாற்றுவதுதான் இவ்வகை எழுத்தின் கடினமான வேலை. பலர் பொறுமை இழந்து, ‘வறுமை மனிதர்களை ஊமையாக்கிவிடும் என்று அன்று அறிந்துகொண்டேன்’ என்பதுபோல ஒரு வாக்கியத்தை அந்தப் பெண்ணின் வாயில் வைத்துவிடுகிறார்கள். அந்த வாக்கியம் அவளுடையதல்ல, ஆசிரியருடையது. மதிப்புரை எழுதுகிறவர் முதலில் தேட வேண்டியது அத்தகைய வாக்கியங்களை. அவை எத்தனை, எந்த இடங்களில், ஆசிரியருக்கு எதன்மேல் நம்பிக்கை போனபோது வந்து விழுகின்றன என்பதை.

உங்கள் தோழி கேட்கும் இரண்டையும் நான் ஒன்றாகச் சேர்க்க மாட்டேன். வயது பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் விற்பனை முடிவு. மார்கஸ் சூசாக்கின் ‘தி புக் தீஃப்’ 2005இல் ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாக வெளிவந்தது. அதே நாவல் அமெரிக்காவில் இளையோர் பிரிவில் வைக்கப்பட்டது. நூல் மாறவில்லை, அலமாரி மாறியது. வயதைச் சொல்வதைவிட, நூலில் என்ன வருகிறது என்பதைச் சொல்வது உதவியாக இருக்கும். ஒரு மரணம், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, தற்கொலை எண்ணம், பாலியல் அத்துமீறல் ஆகியவற்றில் எது வந்தாலும், கதையின் முடிச்சை அவிழ்க்காமல், மதிப்புரையின் தொடக்கத்திலேயே தனியாக இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அது போதும். தற்கொலை வரும் நூலென்றால் எந்த வழியில் என்ற விவரிப்பை மட்டும் மதிப்புரைக்குள் கொண்டுவர வேண்டாம். அந்த இரண்டு வரிகள் ஒரு தகவல். பாராட்டும் அல்ல, குற்றச்சாட்டும் அல்ல. கடினமான விஷயம் வருகிறது என்பதற்காக ஒரு நூலைத் தள்ளிவைக்கும் காலத்தைத் தமிழும் கடந்துவிட்டது. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைப் பேசிய யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தை இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி தரும் பால சாகித்திய புரஸ்காரை 2020ஆம் ஆண்டுக்குப் பெற்றிருக்கிறது.

நீதி பற்றிய கேள்விதான் எனக்கு உடன்பாடில்லாதது. பிள்ளைகளுக்கு எழுதுகிறவர் கடைசிப் பக்கத்தில் ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம்மிடம் ஆழமாக இருக்கிறது. (நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் பாதிக்கு எந்த நீதியும் இருந்ததில்லை, ஏமாற்றுகிறவன் ஜெயித்து, நன்றாகச் சாப்பிட்டு, தூங்கப் போவான்.) அந்த எதிர்பார்ப்பு மதிப்புரைக்குள் நுழையும்போது, மதிப்புரை நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிவிடுகிறது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு 2000ஆம் ஆண்டு முதல் பிரின்ட்ஸ் விருது என்ற ஒன்றை வழங்கிவருகிறது. 12 முதல் 18 வயதினருக்கான நூல்களில் இலக்கியத் தரத்தில் சிறந்ததற்கு அது தரப்படுகிறது. நூல் எவ்வளவு பேரால் விரும்பப்படுகிறது என்பது அளவுகோல் அல்ல, அது தரும் செய்தியும் அளவுகோல் அல்ல என்று அதன் விதிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள். கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் பள்ளி நூலகராக இருந்த மைக்கேல் பிரின்ட்ஸின் பெயரால் அமைந்த விருது அது. நாளெல்லாம் பதின்பருவத்தினரோடு இருந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய விருதே செய்தியைக் கணக்கில் எடுப்பதில்லை என்று உங்கள் தோழியிடம் சொல்லிப் பாருங்கள், ஒருவேளை கேட்பார்.

தமிழில் இதற்கென்று ஓர் அலமாரி இன்னும் அமையவில்லை என்பதும் உங்கள் பொழுதுபோக்கின் பொறுப்பைக் கூட்டுகிறது. முந்தைய தலைமுறைகள் அம்புலிமாமாவிலிருந்து நேராக வார இதழ்த் தொடர்கதைக்குத் தாவின. இன்றும் ஒரு கிளை நூலகத்தில் சிறுவர் பகுதியை விட்டு வெளியே வரும் பிள்ளை, அடுத்த எட்டில் பெரியவர்களின் நாவல்களுக்கு முன்னால்தான் போய் நிற்கிறது. சாகித்திய அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்கும், 2011 முதல் யுவ புரஸ்கார் என்ற பெயரிலும் விருது தருகிறது. ஆனால் பின்னது 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கானது, இளம் வாசகர்களுக்கான நூல்களுக்கானது அல்ல. எனவே தமிழில் வரும் ஒரு நல்ல இளையோர் நாவல் சிறுவர் நூல்களுக்கு நடுவே கிடந்து, உரிய வயதினரின் கண்ணில் படாமலே போய்விடக்கூடும். அதைத் தேடி எடுத்துச் சொல்ல, வேலை நேரம் போக மீதி நேரத்தில் படிக்கிற உங்களைப் போன்றவர்களே இருக்கிறார்கள்.

இனி, நீங்கள் தயங்கிய அந்த நாவல். அதன் பெயரை நீங்கள் சொல்லவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் உங்களுக்கு அது பொய்யாகப் பட்டதற்கான காரணங்களைக் கடிதத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தயக்கம் பாதி குறைந்திருக்கும். மலையைக் களமாகக் கொண்டு சமவெளியிலிருந்து எழுதப்படும் கதைகளில் நான் வழக்கமாகக் காண்பது ஒன்று உண்டு: அத்தியாயத்துக்கு ஒருமுறை மூடுபனி இறங்கும், பாத்திரங்கள் அதை வியந்து பார்ப்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை மூடுபனியைப் பார்த்து வியப்பதில்லை. நான்கு நாளாகக் காயாத பள்ளிச் சீருடையை அடுப்பருகே போட்டு உலர்த்தியதால் வகுப்பில் தன்மேல் புகை வாடை அடிக்குமோ என்று கூசும். ஆட்சியர் மழை விடுமுறையைக் கூடலூர், பந்தலூருக்கு மட்டும் அறிவித்துவிட்டுத் தங்களை விட்டுவிட்டாரே என்று பொருமும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் கரடியோ காட்டெருமையோ நிற்கும் வளைவில் நடக்க வேண்டுமே என்று கணக்குப் போடும். விடுதிப் பள்ளியைச் சுற்றி எழுதப்படும் கதைகளில் இன்னொரு குறை வரும்: வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மனம் இருக்கும், அந்தப் பள்ளிக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுக்கும் உள்ளூர்ப் பையனுக்குச் சைக்கிள் மட்டுமே இருக்கும்.

ஒன்றைக் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பேருந்து எந்த வழியில் போகிறது என்பதை ஆசிரியர் தவறாக எழுதியிருந்தால் அது திருத்தக்கூடிய பிழை, அதை வைத்து நாவலை அடிக்கக் கூடாது. உள்ளூர்க்காரர்களான நமக்கு அந்தச் சபலம் அதிகம். பாத்திரம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதை ஆசிரியர் யோசிக்கவே இல்லை என்றால் அது நாவலின் அடிப்படையில் உள்ள குறை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கோத்தகிரியும் இன்று பதினைந்து வயதில் இருக்கும் ஒரு பெண்ணின் கோத்தகிரியும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். அவள் பேச்சில் வரும் கொச்சையோ, கைப்பேசியைச் சுற்றி நடக்கும் அவளுடைய சண்டைகளோ உங்களுக்கு எரிச்சலூட்டினால், அந்த எரிச்சல் நாவலின் குற்றமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

நல்ல எண்ணத்தோடு எழுதியவரைக் குறை சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். இந்த நாவல் வகைக்குப் பலரும் தொடக்கமாகக் குறிப்பிடும் ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளிவந்தது. எஸ்.ஈ. ஹிண்டன் அதை ஓக்லஹோமாவின் டல்சா நகரில் பள்ளியில் படிக்கும்போதே, பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினார். தன் வயதினருக்கென்று வந்த கதைகளில் தன்னைச் சுற்றி நடக்கும் எதுவும் இல்லை என்ற எரிச்சல் அவருக்கு இருந்தது. அந்தக் கதைகளை எழுதியவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ‘இது பொய்’ என்று பதின்பருவ வாசகி ஒருத்தி சலித்துக்கொண்டதிலிருந்து பிறந்த வடிவத்தை, பொய்யா மெய்யா என்று கேட்காமல் எப்படி மதிப்பிடுவது? அவருடைய முழுப் பெயரை அட்டையில் போட்டால், பெண் எழுதியது என்று மதிப்புரையாளர்கள் அலட்சியமாகப் பார்ப்பார்கள் என்று பதிப்பகம் கருதியதால்தான் வெறும் முதலெழுத்துகளோடு அந்நூல் வந்தது. மதிப்புரையாளர்களைப் பற்றிப் பதிப்பாளருக்கு இருந்த அபிப்பிராயம் அது.

ஆகவே அந்த நாவலைப் பற்றி மீண்டும் எழுதுங்கள். புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் போட்டு, அதில் எந்தச் சொல் அந்தப் பாத்திரத்தினுடையது, எது ஆசிரியருடையது என்று காட்டுங்கள். காட்டிவிட்டால் கடுஞ்சொல்லே தேவைப்படாது. காட்ட முடியவில்லை என்றால் உங்கள் அதிருப்திக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது, அதைத் தேடலாம். பிடித்த ஓர் இடமாவது இருக்கும், அதையும் அதே வழியில் காட்டுங்கள். படித்து முடித்த அன்றே எழுத வேண்டாம். ஆசிரியரோ பதிப்பகமோ நூலை இலவசமாக அனுப்பியிருந்தால் அதை மதிப்புரையிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பள்ளியில் வாங்கும் மதிப்பெண்ணே அந்த வயதினருக்குப் போதும்.

உங்களைச் சுற்றியிருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். அந்த நாவலை அவர்களுடைய மாணவர்களில் விருப்பமுள்ள ஓரிருவரிடம், எந்தக் கேள்வித்தாளும் கொடுக்காமல், படிக்கத் தரச் சொல்லுங்கள். அவர்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள், எதைத் தாண்டிப் போனார்கள் என்பதைக் கேட்டு, பெற்றோரின் சம்மதத்தோடும் பெயர் குறிப்பிடாமலும் உங்கள் மதிப்புரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கருத்து உங்கள் கருத்துக்கு மாறாக இருந்தால் அதை முதலில் போடுங்கள்.