ஒற்றைத் தலைவலிக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

கேள்வி: வயது 34. பல வருடமாக ஒற்றைத் தலைவலி. முன்பு மாதம் மூன்று நான்கு முறை வரும். இப்போது வாரத்தில் நான்கைந்து நாள் மாத்திரை போட வேண்டியிருக்கிறது. டாக்டர் புரோப்ரானலால் கொடுத்தார். இரண்டு வாரமாகியும் குறையாததால் நிறுத்திவிட்டேன். நெற்றி நரம்பில் ஆபரேஷன் செய்தால் நிரந்தரமாகப் போய்விடுமா?

பதில்: ஆபரேஷன் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் நீங்கள் போடும் மாத்திரையைக் கவனிப்போம். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும். எர்கோட்டமின், கஃபைன் கலந்த கூட்டு மாத்திரைகளுக்கும் ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள சுமாட்ரிப்டான் வகைக்கும் மாதத்தில் 10 நாள் போட்டாலே இந்த நிலை வந்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் "தலைவலிக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்கினீர்களானால், அட்டையைத் திருப்பி என்னென்ன கலந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். நிறுத்தும்போது முதல் சில நாள் வலி கூடத்தான் செய்யும். டாக்டரிடம் சொல்லிவிட்டே நிறுத்துங்கள்.

அப்புறம், புரோப்ரானலாலை இரண்டு வாரத்தில் விட்டது அவசரம். அது வந்த வலியைப் போக்கும் மருந்தல்ல, வலி வராமல் தடுக்கும் மருந்து. சரியான அளவை எட்டிய பிறகு இரண்டு மாதமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். வலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். வீசிங் உள்ளவர்களுக்கு அது ஆகாது. மாற்றாக இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின் தொடங்கலாம்; தூக்கமும் கெட்டிருந்தால் என் முதல் தேர்வு அதுதான். வேறு தடுப்பு மருந்துகளும் உண்டு: ஃபுளூனரிசினில் எடை கூடும். டோபிராமேட்டில் எடை குறையும் என்று சிலர் கேட்டு வாங்குகிறார்கள். விரல் நுனி மரமரக்கும், கர்ப்பத் திட்டம் இருந்தால் கூடவே கூடாது.

வலி வரும் நாளில் சுமாட்ரிப்டானை ஆரம்பத்திலேயே போட்டால்தான் பலன். இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு வேண்டாம்; எர்கோட்டமின் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும் கூடாது.

இவை எதுவும் பலிக்காமல், மாதத்தில் பாதி நாள் தலைவலியோடே போனால் போடாக்ஸ் ஊசி இருக்கிறது: தலை, கழுத்தில் 31 இடங்களில், 12 வாரத்துக்கு ஒருமுறை. 2018 முதல், ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் சிஜிஆர்பி என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகளும் வந்திருக்கின்றன. நன்றாக வேலை செய்கின்றன, விலைதான் கையைக் கடிக்கும்.

சரி, ஆபரேஷன். நெற்றியிலும் பிடரியிலும் நரம்பை அழுத்தும் தசையை வெட்டிவிடுவார்கள். பலன் கண்டதாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒற்றைத் தலைவலியின் மூலம் மூளைக்குள் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வெளியே இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2013-இல் சொன்னது. நெற்றி நிரந்தரமாக மரத்துப்போகும் வாய்ப்பும் உண்டு. "நிரந்தரத் தீர்வு" என்று யாராவது விளம்பரம் செய்தால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

வீட்டுக் காலண்டரில் வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு போட்டு வைத்து, அதோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இதுவரை இல்லாத மாதிரி திடீரென்று மண்டையைப் பிளக்கும் வலி வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ காலண்டரை எல்லாம் விட்டுவிட்டு உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.