பிக்கப் வண்டியில் ஃபிரிட்ஜ் ஏற்றினால் கயிற்றை எந்தக் கொக்கியில், எப்படிக் கட்டுவது?

பக்கப் பலகையிலோ பின்கதவிலோ கட்டாதீர்கள். இரண்டும் கீலில் திறப்பவை, இழுப்பைத் தாங்காது. வண்டியின் உடலோடு வெல்டிங் செய்த அல்லது போல்ட் போட்ட கொக்கிதான் சரி. அது ஆடுகிறதா, துரு தின்றிருக்கிறதா என்று முதலில் ஒரு கை இழுத்துப் பாருங்கள்.

பிரேக் போட்டால் பொருள் முன்னால்தான் பாயும். அமெரிக்க விதிப்படி, முன்பக்கம் எடையில் 80 சதவீத விசையையும் பக்கவாட்டில் 50 சதவீதத்தையும் கட்டு தாங்க வேண்டும். 60 கிலோ ஃபிரிட்ஜ் என்றால் முன்னோக்கிக் கிட்டத்தட்ட 48 கிலோ தள்ளும். அதனால் ஃபிரிட்ஜைக் கேபின் சுவரோடு ஒட்டி, நிமிர்த்தியே நிறுத்துங்கள்.

அப்புறம், ஒரே கயிற்றை மேலே போட்டு இறுக்கினால் மட்டும் போதாது. நான்கு மூலைக் கொக்கியிலிருந்தும் சாய்வாக, சுமார் 45 டிகிரியில் இழுத்துக் கட்டினால் நாலு பக்கமும் பிடிக்கும். விளிம்பில் மடித்த அட்டை வைத்தால் கயிறும் அறுபடாது, பெயின்டும் போகாது.

நைலான் கயிறு நீளும். நானே ஒருமுறை அதை நம்பி, பாதி வழியில் தொங்கிக் கிடந்த கயிற்றைப் பார்த்தேன். கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள். எதுவானாலும் நாலைந்து கிலோமீட்டர் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள்.