பின்பக்க கன்ட்ரோல் ஆர்ம் புஷ்: போல்ட்டை எப்போது முறுக்குவது?

கன்ட்ரோல் ஆர்ம் என்பது சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கை. அதன் மூட்டில் இருக்கும், உள்ளே ஒரு குழாயும் வெளியே ஒரு கூடும் கொண்ட ரப்பர் உருளைதான் புஷ் (bush). "சிங்கப்பூர் உபி பட்டறையில் புது புஷ் போட்டார்கள், சில மாதத்திலேயே ரப்பர் கிழிந்துவிட்டது, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கார் லிஃப்ட்டில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருப்பார்கள்.

ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் சுழலாது. போல்ட் அதைக் காரின் பக்கமுள்ள பிராக்கெட்டோடு (தாங்கியோடு) இறுகப் பிடித்துவிடும். ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுகியிருக்கும். அதன்மேல் கார்பார்க் ஹம்ப் வேறு.

போல்ட்டை முதலில் லூசாக மாட்டச் சொல்லுங்கள். ஜாக்கால் ஆர்மைக் கார் நிற்கும் உயரத்துக்குத் தூக்கி, பிறகே டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) கார் மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். புது புஷ்ஷைப் பிரஸ் இயந்திரத்தால் ஆர்முக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளிக்கூட்டில்தான் விழ வேண்டும், ரப்பரில் அல்ல. வழுக்கி ஏறச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். கடைசியில் வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிபார்ப்பது) அவசியம்.