கதவு உரசுகிறதா, தொங்குகிறதா? இழைப்புளியை எடுக்கும் முன் கீலைப் பாருங்கள்

கதவு பற்றிக் கேட்டிருந்தவர்கள் எல்லோருக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, படுக்கையறைக் கதவு மேலே பூட்டுப் பக்க மூலையில் நிலையோடு உரசுகிறது. இழைத்துவிட்டால் போதும் என்கிறார்கள். இழைக்கலாமா?

இப்போது வேண்டாம். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், அதே நேரம் இன்னொருவர் மேல் கீலையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். கீல் தகடு நிலையை விட்டு ஒரு மயிரிழை விலகி மறுபடி ஒட்டினால் கோளாறு அங்கேதான். கதவின் எடை மேல் கீலை நிலையிலிருந்து வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை நிலைக்குள் அழுத்துகிறது, அதனால் பெரும்பாலும் முதலில் தளர்வது மேல் கீல்தான். அது தளர்ந்ததும் மேல் மூலை பூட்டுப் பக்கம் சாய்கிறது, கீழ் மூலை தரையைத் தொடுகிறது. திருகுகளை முடுக்கினாலே பாதிக் கதவுகள் சரியாகிவிடும். இதைப் பார்க்காமல் மூலையை இழைத்துவிட்டால், நாளைக்குக் கீலைச் சரிசெய்யும்போது அந்த இடத்தில் பெரிய சந்து தெரியும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

முடுக்கிப் பார்த்தேன், திருகு சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை.

ஓட்டை தேய்ந்துவிட்டது. முதலில் கதவுக்கு அடியில் ஆப்பு வைத்து எடையைத் தாங்கவிடுங்கள், அப்புறம் அந்தக் கீலை மட்டும் கழற்றுங்கள். எல்லாக் கீலையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், கதவு காலில் விழும். தேய்ந்த ஓட்டையில் மரப்பசை தடவிய பல்குச்சிகளையோ சீவிய மரக்குச்சியையோ இறுக்கமாக அடித்து, ஒருநாள் காயவிட்டு, மேலே துருத்திக்கொண்டிருப்பதைச் சீராக வெட்டுங்கள். பிறகு நடுவில் மெல்லிய துளை போட்டுத் திருகை ஏற்றுங்கள். துளை போடாமல் ஏற்றினால் அடைத்த மரம் பிளந்துவிடும். மேல் கீலில் ஒரு திருகை மட்டும் நீளமானதாகப் போட முடிந்தால் இன்னும் நல்லது, அது நிலையின் உள்ளே தேயாத மரத்தைப் பிடித்துக்கொள்ளும். பசை இல்லாமல் வெறும் தீக்குச்சியைச் செருகுவதெல்லாம் சில மாதத்துக்குத்தான் தாங்கும்.

திருகுகள் கெட்டியாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் கதவு கொஞ்சம் தொங்குகிறது.

கீழ்க் கீலைக் கழற்றி, நிலைப் பக்கத் தகட்டுக்குப் பின்னால் அதே அளவுக்கு வெட்டிய கெட்டி அட்டை ஒன்றை வைத்து மறுபடி முடுக்குங்கள். கதவின் அடிப்பகுதி பூட்டுப் பக்கம் லேசாகத் தள்ளப்படும், அதனால் தொங்கிய பக்கம் மேலே எழும்பும். ஒரு மில்லிமீட்டர் அட்டைகூட எதிர்ப்பக்கத்தில் நன்றாகத் தெரியும், எனவே மெல்லியதிலிருந்து தொடங்குங்கள். மேலேயும் இரு பக்கமும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சந்து ஒரே சீராகத் தெரிந்தால் கதவு சரியாக உட்கார்ந்திருக்கிறது.

மழைக்காலத்தில் மட்டும் இறுகுகிறது, வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது. என்ன செய்ய?

மரம் ஈரத்தை இழுத்து ஊதுகிறது. நார் ஓடும் நீளவாக்கில் அது அவ்வளவாக மாறாது, அகலவாக்கில்தான் ஊதும், அதனால்தான் பூட்டுப் பக்கம் இறுகுகிறது. ஊதிய நேரத்தில் ஆத்திரப்பட்டு நிறைய இழைத்துவிட்டால் கோடையில் வெளிச்சம் வரும் அளவுக்குச் சந்து விழும். இப்போதைக்கு உரசும் இடத்தில் மெழுகு தேய்த்து ஒப்பேற்றுங்கள். காய்ந்த பருவத்தில் கதவைக் கழற்றி மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த இரண்டும் பெயிண்ட் படாமல் வெறும் மரமாகவே இருக்கும், ஈரம் உள்ளே ஏறுவது அந்த வழியாகத்தான். முன்பக்கம் பளபளவென்று வார்னிஷ் அடித்துவிட்டு இதை விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. பிரைமரும் பெயிண்டும் அங்கே இரண்டு கை கொடுங்கள்.

அப்படியும் இழைக்கத்தான் வேண்டுமென்றால், நிலையின் விளிம்பில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக் கதவை மூடித் திறங்கள். கதவில் வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும் சீவுங்கள். மேல் விளிம்பைச் சீவும்போது இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளுங்கள், வெளிப்பக்கமாகத் தள்ளினால் ஓரச் சட்டம் சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்துவரும். சீவிய இடத்துக்கு உடனே பெயிண்ட்.

புதுத் தரை போட்டதில் கதவு அடியில் இடிக்கிறது. எவ்வளவு வெட்டலாம்?

திறக்கும் வழி முழுக்கத் தரை எங்கே மிக உயரமாக இருக்கிறதோ அங்கே அளந்து குறியுங்கள். கோட்டின் மேல் கூர்மையான கத்தியால் ஆழமாகக் கீறிவிட்டு அறுத்தால் கதவின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பலகை பிசிறாது. உள்ளே வெற்றிடம் இருக்கும் கதவென்றால் கவனம், அடியில் ஒரு சட்டம் மட்டும்தான் கெட்டி மரம், அதைத் தாண்டினால் கதவே வீண்.

சார், கதவு மூடுகிறது, ஆனால் பூட்டு நாக்கு ஓட்டையில் விழவில்லை.

மறுபடியும் கீலைத்தான் முதலில் பாருங்கள், பூட்டு அநேகமாக நன்றாகவே இருக்கும். அப்புறம் நாக்கின் நுனியில் சாக்குக்கட்டி தடவி மூடினால், நிலையில் உள்ள தகட்டில் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு மில்லிமீட்டருக்குள் என்றால் தகட்டின் ஓட்டையை அரத்தால் ராவிவிடுங்கள். அதற்கு மேல் என்றால் தகட்டையே இறக்கிப் பொருத்த வேண்டும்.

திறந்து வைத்தால் தானாகவே மூடிக்கொள்கிறது.

நிலை தூக்குக்குண்டுக்கு நேராக இல்லை. நிலையை மாற்ற வேண்டியதில்லை. ஒரு கீலின் நடுக்கம்பியை உருவி, அதை ஒரு கட்டையில் வைத்துச் சுத்தியலால் மிக லேசாக வளைத்துத் திரும்பப் போடுங்கள். அந்த உராய்வில் கதவு விட்ட இடத்தில் நிற்கும்.

குளியலறையின் பிளாஸ்டிக் கதவில் கீல் பிய்ந்துவிட்டது. பசை போட்டு ஒட்டலாமா?

ஒட்டாது. உள்ளே வெற்றிடம், திருகு பிடிக்க எதுவுமில்லை. கீல் வரும் இடத்தில் சட்டத்துக்குள் ஒரு கட்டையைச் செருகுங்கள், அல்லது மறுபக்கம் உலோகத் தகடு வைத்து போல்ட் போட்டு முடுக்குங்கள். திருகும் தகடும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

அண்ணா, ஒரு கதவு இல்லை, வீட்டில் மூன்று கதவு ஒரே நேரத்தில் இறுக ஆரம்பித்திருக்கிறது. வாசலுக்கு மேலே சுவரில் சாய்வாக விரிசலும் இருக்கிறது.

உங்கள் கேள்விதான் இதில் எனக்குக் கவலை தருவது. மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும் பல கதவுகள் சேர்ந்து இறுகுவதும் அஸ்திவாரம் இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். எந்தக் கதவையும் தொடாதீர்கள். விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள், அகலத்தையும் அளந்து குறியுங்கள், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். நுனி கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கிரீச்சென்று சத்தம். சமையல் எண்ணெய் விடலாமா?

விடாதீர்கள், கொஞ்ச நாளில் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கம்பியை உருவி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவிப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கீல்.